நோர்வேஜிய மொழி வாசிப்புப் பரீட்சை: சின்னச் சொற்களில் கவனம் வையுங்கள்

நோர்வேக்கு வந்து மூன்றாம் வருடம். மகளின் பாலர் பாடசாலையில் இருந்து ஒரு அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். அகராதியைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பிள்ளைக்குப் பனி உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி இழுத்துக்கொண்டு போனால், கதவு பூட்டு. அறிவித்தலில் "டில் ஓ மே ஃப்ரேடாக்" மூடியிருக்கும் என்று இருந்தது. நான் அதை "வெள்ளி வரை" என்று வாசித்து, அப்படியென்றால் வெள்ளியன்று திறக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன் பொருள் "வெள்ளியும் உட்பட". பிழை அறிவித்தலில் இல்லை, என்னில்தான்.

பிறகு நானும் பரீட்சை எழுதினேன். எழுதப் போகிற சொந்தக்காரர், நண்பர்கள் என்று பலரோடு சாப்பாட்டு மேசையில் இருந்து பயிற்சித் தாள்களைப் பார்த்தும் இருக்கிறேன். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆட்கள் பெரிய சொல்லில் விழுவது குறைவு. பெரிய சொல் வந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். விழுவது "டில் ஓ மே" மாதிரியான சின்னச் சொற்களில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதி மற்றதைவிட நீண்டிருக்கும்.

நோர்வேஜிய சொற்களை ஒஸ்லோப் பக்கம் காதில் விழுகிற மாதிரித் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் அகராதியில் தேடி, சரியான எழுத்துக்கூட்டலை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே முதல் பயிற்சி.

படி 1: உங்களுக்கு இது தேவைதானா?

பெரியவர்களுக்கான நோர்வேஜிய மொழிப் பரீட்சையின் பெயர் நொர்ஸ்க்ப்ரோவே. உயர்கல்வி மற்றும் திறன்களுக்கான இயக்குநரகம், அதாவது எல்லோரும் ஹோகோ-டிர் என்று சொல்கிற அரச நிறுவனம், இதை நடத்துகிறது. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். தேவையான பகுதிக்கு மட்டும் தனியாகப் பதிவு செய்யலாம். மட்டங்கள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிப் போகும். சி1 தனிப் பரீட்சை.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற பலர் நான்கையும் எழுத வேண்டும் என்று நினைத்துக் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். குடியுரிமைக்குக் கேட்பது பேச்சு மட்டும். 2022 அக்டோபரில் இருந்து அது பி1. வாசிப்பு மட்டம் உண்மையில் தேவைப்படுவது படிப்புக்கும் வேலைக்கும். பல்கலைக்கழகம் போகிறவர்களிடமும், ஐரோப்பாவுக்கு வெளியே படித்துவிட்டு இங்கே தாதியாக அனுமதி கேட்கிறவர்களிடமும் நான்கு பகுதிகளிலும் பி2 கேட்பார்கள். உங்களிடம் கேட்பது எந்த மட்டம் என்று கேட்கிற இடத்தின் தளத்திலேயே வாசியுங்கள். மச்சான் சொன்னார், முகநூலில் பார்த்தேன் என்று தொடங்க வேண்டாம்.

பரீட்சை வருடத்தில் சில தடவைகள்தான் வரும். பெரிய நகரங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு திறக்கிற திகதியை இப்போதே தொலைபேசியில் குறித்து வையுங்கள்.

படி 2: படிக்கத் தொடங்கு முன் ஒரு தடவை செய்து பாருங்கள்

ஹோகோ-டிர் தளத்தில் மாதிரிக் கேள்விகள் இலவசமாக இருக்கின்றன. ஒரு ஞாயிறு காலை, அகராதி இல்லாமல், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். புள்ளி எவ்வளவு என்பது இப்போது முக்கியமில்லை. கேள்விகள் எப்படி வருகின்றன என்று கண்ணுக்குப் பழக வேண்டும். கணினியில்தான் பரீட்சை. சரியான விடையைச் சொடுக்குவது, இடைவெளிக்குச் சொல் தெரிவது, ஆளுக்குப் பொருத்தமான விளம்பரத்தைச் சேர்ப்பது என்று பல வடிவங்கள் உண்டு.

இன்னொரு விசயம். வாசிப்பிலும் கேட்டலிலும் ஏ1 முதல் பி2 வரை ஒரே பரீட்சைதான். நீங்கள் விடையளிக்கிற விதத்துக்கு ஏற்ப, பின்னால் வருகிற கேள்விகள் இலகுவாகவோ கடினமாகவோ மாறும். ஆகவே நடுவில் திடீரென்று கஷ்டமாகத் தெரிந்தால் "போச்சு" என்று நெஞ்சு அடிக்க வேண்டாம். முன்னதை நன்றாகச் செய்ததால் வந்த கஷ்டமாகவும் அது இருக்கலாம்.

செய்து முடித்ததும் பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள். சொல் தெரியாமல் விட்டது. சொல் தெரிந்தும் வசனம் விளங்காமல் விட்டது. வசனமும் விளங்கி, கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டது. கொப்பியில் ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் சொ, வ, கே என்று ஒரு எழுத்துப் போடுங்கள். பெரும்பாலானோர் "சொ" தான் கூட இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். எண்ணிப் பார்த்தால் "கே" வரிசைதான் நீண்டிருக்கும். அடுத்த மூன்று மாதம் எங்கே உழைப்பது என்று இந்தக் கொப்பி காட்டித்தரும்.

படி 3: தினமும் எதை வாசிப்பது

வேலையிடத்தில் பத்து வருடமாக நோர்வேஜிய மொழி கதைத்துவிட்டு, வாசிப்பில் ஏ2 எடுத்தவர்களைத் தெரியும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அவர்கள் வாசிக்கவில்லை. கதைக்கும்போது முகம், கை, சூழல் எல்லாம் உதவிக்கு வரும். தாளில் சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

தொடக்கத்துக்கு க்லார் டாலே நல்லது. இலகு மொழியில் செய்தி தருகிற பத்திரிகை அது, இணையத்திலும் வாசிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு செய்தி போதும். முதலில் ஒரு மூச்சில் வாசித்து, என்ன நடந்தது என்று தமிழில் ஒரு வரி சொல்லுங்கள். அப்புறம்தான் தெரியாத சொல்லைப் பாருங்கள். சொல் சொல்லாக அகராதி பார்த்து வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டால், பரீட்சையில் நேரம் அடிவாங்கும். அகராதியும் உள்ளே விடமாட்டார்கள்.

பி1 பக்கம் வந்ததும் நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கோவின் தளத்தில் வருகிற வழமையான செய்திகளுக்கு மாறுங்கள். பி2 வேண்டுமென்றால் கருத்துக் கட்டுரை வாசிக்காமல் முடியாது. ஏனென்றால் அந்த மட்டத்தில் "என்ன நடந்தது" என்பதோடு விடமாட்டார்கள், "எழுதியவர் என்ன நினைக்கிறார்" என்றும் கேட்பார்கள். என்ஆர்கோவின் ஈட்ரிங் என்ற கருத்துப் பகுதி இலவசம். ஆஃப்டென்போஸ்டென் பத்திரிகையில் இளையோர் எழுதுகிற கருத்துப் பகுதி ஒன்று உண்டு. அதில் வருகிற கட்டுரைகள் குறுகியவை, வாதம் நேரடியாக இருக்கும். நான் அதில்தான் பழகினேன். பதினாறு வயதுப் பிள்ளை பாடசாலைச் சாப்பாட்டைப் பற்றிக் கோபமாக எழுதுவதை விளங்கிக்கொள்வது, பேராசிரியர் வட்டி விகிதம் பற்றி எழுதுவதை விட இலகு.

வீட்டுக்கு வருகிற கடிதங்களை மறக்க வேண்டாம். கொம்யூன் (உள்ளூராட்சி), நாவ் (வேலை, நலன்புரி அலுவலகம்), வரி அலுவலகம், வீட்டுச் சங்கம், பாடசாலை எல்லாம் அனுப்புவது இலவசப் பாடப் புத்தகம். பிள்ளையிடம் கொடுத்து "இதில் என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்கிற பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை திருத்தட்டும்.

நூலகத்தில் "லெட்லேஸ்ட்" என்று ஒரு தட்டு இருக்கும்: பெரியவர்களுக்காக இலகு மொழியில் எழுதிய புத்தகங்கள். அட்டை இலவசம். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகத்தில் தொடங்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் தவளை கத்துகிற ஒலியும், பூதங்களும், வீட்டில் மட்டும் புழங்குகிற சொற்களும்தான் நிறைய. பரீட்சையில் பூதம் வருவது சந்தேகம்.

அகராதிக்கு இரண்டு இடம். லெக்சின் அகராதியில் தமிழும் இருக்கிறது, தொடக்கத்துக்கு அது கைத்தடி. பி1 தாண்டியதும் கைத்தடியைப் போட்டுவிட்டு ஊர்பொக்கெனே தளத்துக்குப் போங்கள். பெர்கன் பல்கலைக்கழகமும் மொழிப் பேரவையும் சேர்ந்து தருகிற நோர்வேஜிய - நோர்வேஜிய அகராதி அது. ஒரு சொல்லுக்கு அதே மொழியில் விளக்கம் வாசிக்கப் பழகினால், பரீட்சையில் ஒரே விசயத்தை வேறு சொல்லில் கேட்கிறபோது தடுமாற மாட்டீர்கள்.

படி 4: நீளச் சொல்லை வாலில் இருந்து உடையுங்கள்

நோர்வேஜியர் சொற்களை ரயில் பெட்டி மாதிரிக் கொழுவிக்கொண்டே போவார்கள். தமிழருக்கு இது ஒரு புதினமே இல்லை. "ஸ்கூலெபார்ன்" என்றால் பாடசாலைப் பிள்ளை. "பார்னெஸ்கூலெ" என்றால் பிள்ளைகளின் பாடசாலை, அதாவது ஆரம்பப் பாடசாலை. கடைசிச் சொல்தான் என்ன பொருள் என்று சொல்லும். முன்னால் வருவது அதை விபரிக்கும். தமிழிலும் அதே கணக்குத்தான். ஆகவே நீளச் சொல்லைக் கண்டால் முதலில் வாலைப் பாருங்கள். "பார்னெஹாகெப்லாஸ்" என்பதில் வால் "ப்லாஸ்", இடம். எதற்கான இடம்? பாலர் பாடசாலையில் இடம்.

ஒரே வால் உள்ள சொற்களைச் சேர்த்துப் படித்தால் இன்னும் நல்லது. "சீக்கெமெல்டிங்" வைத்தியர் தருகிற சுகவீன விடுப்புச் சான்று. "ஏகென்மெல்டிங்" சுகமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. வேலையிடம் பற்றிய பந்தி ஒன்றில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், கேள்வி எங்கே வரும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

படி 5: சின்னச் சொற்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. அன்று முழுக்க வாசிக்கிற எல்லாவற்றிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

முதலில் நேரம். "டில் ஓ மே" என்னை வெளியில் நிறுத்திய சொல். அதே மூன்று சொல் "கூட" என்ற பொருளிலும் வரும்: "டில் ஓ மே" அப்பா சிரித்தார் என்றால், அப்பா கூடச் சிரித்தார். பக்கத்தில் நாளோ திகதியோ இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். "ஃப்ரா ஓ மே" என்றால் அந்த நாளும் உட்படத் தொடங்கி. "இன்னென்" வெள்ளி என்றால் வெள்ளிக்குள்.

"ஃபொர்ஸ்ட்" என்பதை எல்லோரும் "முதலில்" என்று படித்திருப்பார்கள். ஆனால் நேரத்துக்கு முன்னால் வந்தால் அது எங்களுடைய "தான்". கூட்டம் "ஃபொர்ஸ்ட்" பத்து மணிக்குத் தொடங்குகிறது என்றால், பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது, அதற்கு முன் இல்லை. இதை "முதலில் பத்து மணிக்கு" என்று வாசித்தவர்கள், இரண்டாவது கூட்டம் எத்தனை மணிக்கு என்று பந்தி முழுக்கத் தேடுவார்கள்.

"ஹால் நீ" ஒன்பதரை இல்லை, எட்டரை. ஒன்பதை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று அவர்கள் கணக்குப் பண்ணுகிறார்கள். "ஒம் டூ ஊக்கெர்" இன்னும் இரண்டு கிழமையில். "ஃபொர் டூ ஊக்கெர் சீடென்" இரண்டு கிழமைக்கு முன். நடுவில் இருக்கிற "இரண்டு கிழமை" மட்டும் கண்ணில் பட்டால் எதிர்காலமும் இறந்தகாலமும் இடம் மாறிவிடும்.

அடுத்தது விதிவிலக்கு. கார் ஓட்டுகிறவர்களுக்கு "உன்டாட்" தண்டப்பணம் கட்டியே தெரிந்திருக்கும்: இவர்களைத் தவிர மற்றவர்கள் இங்கே நிறுத்தக்கூடாது. "போர்ட்செட் ஃப்ரா" அதற்கு அண்ணன், அதே "தவிர" தான். "மே மின்ட்ரே" கொஞ்சம் பொல்லாதது. வசனத்தில் "இக்கே", அதாவது இல்லை என்கிற சொல், இல்லாமலே மறுப்பை உள்ளே வைத்திருக்கும்: மழை பெய்யாவிட்டால், நீங்கள் அறிவிக்காவிட்டால். அந்த "ஆவிட்டால்" தான் அது.

கட்டாயம். "மோ" என்றால் கட்டாயம், "பொர்" என்றால் செய்தால் நல்லது, "கான்" என்றால் செய்யலாம். "ட்ரெங்கர் இக்கே" தேவையில்லை. விதிமுறைகளில் வருகிற "மோ இக்கே" பெரும்பாலும் கூடாது. தேவையில்லாததும் கூடாததும் ஒன்றல்ல. விடைகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார்கள்.

பி2 எடுக்கிறவர்கள் "ரிக்டிநொக்" ஒன்றுக்கே ஒரு வாரம் ஒதுக்கலாம். ஒருவர் "ரிக்டிநொக்" என்று தொடங்கினால், எதிர்ப்பக்கம் சொல்வதை ஒத்துக்கொள்வது மாதிரி ஒத்துக்கொண்டு, பின்னால் ஒரு "மென்", அதாவது ஆனால், கொண்டு வரப் போகிறார். அவருடைய சொந்தக் கருத்து அந்த "மென்"னுக்குப் பிறகுதான். ஊரில் "சரி, நீ சொல்றது உண்மைதான், ஆனால்" என்று யாராவது தொடங்கினால் என்ன வரப்போகிறது என்று தெரியாதா? அதேதான். "லீக்கெவெல்" இருந்தாலும். "டேரிமூட்" மாறாக. "இமிட்லெர்டீட்" ஆனால் என்பதற்குக் கோட் சூட் போட்ட வடிவம். வசன நடுவில் வருகிற "யூ" எங்களுடைய "தானே". அதை விட்டுவிட்டால் பொருள் போகாது, எழுதியவரின் குரல் போய்விடும்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத் தனி எச்சரிக்கை. "எவென்டுவெல்ட்" என்றால் "கடைசியில்" இல்லை, "தேவைப்பட்டால், ஒருவேளை". "அக்டுவெல்" என்றால் "உண்மையான" இல்லை, "இப்போதைக்குப் பொருத்தமான". "ரார்" அரியது இல்லை, விசித்திரமானது. ஆங்கிலம் இங்கே பாதி வழி கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் விட்டுவிடும்.

படி 6: வசனத்தில் வினை எங்கே என்று பாருங்கள்

இலக்கணப் புத்தகம் முழுக்க வேண்டாம், மூன்று விசயம் போதும். ஒன்று: சாதாரண வசனத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கும். நாளையோ பொருளோ முதலில் வந்துவிட்டால், செய்கிற ஆள் வினைக்குப் பின்னால் போய்விடுவார். அந்தப் புத்தகம் - வாசித்திருக்கிறேன் - நான் என்கிற மாதிரி. தமிழில் வேற்றுமை உருபு யார், யாரை என்று சொல்லிவிடும். இங்கே முதலில் வருகிறவரைத்தான் செய்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு: "ஃபொர்டீ", "செல் ஒம்", "விஸ்" என்று தொடங்குகிற துணை வசனத்தில் "இக்கே" வினைக்கு முன்னால் வந்துவிடும். நாங்கள் மறுப்பைக் கடைசியில் எதிர்பார்த்துப் பழகியவர்கள். இங்கே அது முன்னாலேயே கடந்து போய்விடும். வேகமாக வாசிக்கும்போது கண் அதைத் தாண்டிவிடுகிறது. பயிற்சியில் ஒவ்வொரு "இக்கே"யையும் வட்டம் போடுங்கள்.

மூன்று: வினையின் வாலில் ஒரு "ஸ்" ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் "படும்". விண்ணப்பம் அனுப்பப்படும், பணம் கட்டப்படும். அலுவலகக் கடிதமெல்லாம் இதில்தான் ஓடும்.

படி 7: விடை தேடுகிற முறை

கேள்வியை முதலில் வாசியுங்கள், பந்தியை அடுத்து, விடைகளைக் கடைசியில். விடைகளை முதலிலேயே வாசித்தால், பிழையான இரண்டு மூன்று கதைகள் தலைக்குள் ஏறிவிடும். பிறகு அவற்றைப் பந்தியில் கண்டதாகவே தோன்றும்.

நானே எழுதிய ஒரு பயிற்சி, தமிழில்: "சனிக்கிழமை நூலகத்தில் பழைய புத்தக விற்பனை. கதவு 'ஹால் எல்வெ'க்குத் திறக்கும். பிள்ளைகளுக்கான கதை நேரம் 'ஃபொர்ஸ்ட்' ஒரு மணிக்கு. புத்தகம் ஒன்று 20 குரோணர், 'உன்டாட்' சிறுவர் புத்தகங்கள்; அவை 10." எது சரி? விற்பனை பதினொன்றரைக்குத் தொடங்குகிறது. எல்லாப் புத்தகங்களும் ஒரே விலை. மதியம் பன்னிரண்டுக்கு வருகிற பிள்ளை கதைக்குக் காத்திருக்க வேண்டும்.

முதலாவது "ஹால் எல்வெ"யில் வழுக்குகிறவருக்காக. சரியான நேரம் பத்தரை. இரண்டாவது "உன்டாட்"டைத் தாண்டிப் போகிறவருக்காக. மூன்றாவதுதான் சரி. ஆனால் அந்த விடையில் உள்ள "காத்திருக்க", "பன்னிரண்டு" இரண்டும் அறிவித்தலில் இல்லவே இல்லை. இந்த மாதிரிப் பரீட்சைகளில் சரியான விடை வேறு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வரும். பந்தியில் "இலவசம்" என்றால் விடையில் "பணம் கட்டத் தேவையில்லை" என்று இருக்கும். பந்தியில் உள்ள அதே சொல் விடையிலும் அப்படியே இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். "எல்லோரும்", "எப்போதும்", "மட்டும்" என்று அடித்துச் சொல்கிற விடையையும் அப்படித்தான்.

ஒரு விடையைத் தெரிந்தால், பந்தியில் அதற்குச் சாட்சியான வரியை விரலால் காட்ட முடியவேண்டும். காட்ட முடியாவிட்டால் அது உங்கள் பொது அறிவு சொன்ன விடை. நோர்வேயில் வழமையாக இப்படித்தான் நடக்கும் என்பது சாட்சி ஆகாது.

படி 8: கடைசி மூன்று கிழமையும் பரீட்சை நாளும்

இனிப் புதுச் சொல் சேர்க்க வேண்டாம். கொப்பியில் உள்ள "கே" பிழைகளைத் திரும்பச் செய்யுங்கள். நேரம் வைத்து, கணினித் திரையில், முழுதாக ஒரே இருப்பில். தொலைபேசியில் பழகியவர்களுக்குப் பெரிய திரையில் நீளப் பந்தி ஒன்று ஓரத்தில் நிற்பதே புதிதாக இருக்கும். ஒரு கேள்வியில் மூன்றாம் தடவையும் விளங்காவிட்டால், பிழை என்று தெரிகிற விடைகளைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதில் ஒன்றைத் தெரிந்துவிட்டு நகருங்கள். வெறுமையாக விட்ட கேள்விக்கு நிச்சயம் ஒன்றும் கிடைக்காது.

அன்றைக்குச் செல்லுபடியாகும் அடையாள ஆவணம் கொண்டு போங்கள். கடவுச்சீட்டின் முடிவுத் திகதியை ஒரு மாதம் முன்பே பாருங்கள். குளிர்காலம் என்றால் ஒரு பஸ் முந்திப் போங்கள்.

எதிர்பார்த்த மட்டம் வராமல் போனால், நான்கையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் பதிவு செய்யலாம். பதிவு திறக்கும் வரைக்கும் அந்தக் கொப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்னுடையதன் முதல் பக்கத்தில் இன்னும் அந்தப் பாலர் பாடசாலை அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, "டில் ஓ மே"க்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடுகளுடன்.